நடுக்கட்டம் மட்டும் சரி

அந்த டைல்ஸ் கம்பெனியில் அவளை எல்லோரும் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த லாரி டிரைவர்கூட அக்கா போட்டுத்தான் பேசுவார். அவள் அதற்கு முகம் சுளித்ததில்லை. நாற்பத்து மூன்று வயதில், பதினாறு வருடமாக ஒரே அறையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்.

அவளுடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு டைல் உருவாகும் வழியில் ஏழு சங்கதிகளை அளப்பார்கள். களிமண்ணின் ஈரம், அது ஊறிய நேரம், அரைத்த பதம், பிரஸ்ஸின் அழுத்தம், உலர்த்திய நேரம், சூளையின் சூடு, கடைசியில் வாசல் சோதனையில் எத்தனை டைலில் விரிசல் என்ற கணக்கு. மாதக் கடைசியில் இந்த ஏழையும் வைத்து அவள் ஒரு பெரிய தாள் போடுவாள். ஏழு வரிசை, ஏழு பத்தி, ஆக நாற்பத்தொன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சங்கதிக்கு எதிரே இன்னொரு சங்கதி. ஒரு நாளுக்கு ஒரு புள்ளி. ஒன்று கூடும்போது மற்றதும் கூடினால் புள்ளிகள் மேலேறிப் போகும், குறைந்தால் சரிந்து இறங்கும், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால் சிதறிக் கிடக்கும். தன்னைத் தானே பார்க்கும் ஏழு கட்டங்களில் மட்டும் புள்ளி கிடையாது. எந்த அளவு எத்தனை நாள் வந்தது என்று காட்டும் மேடு இருக்கும். எது எந்த வரிசை, எது எந்தப் பத்தி என்று ஓரத்தில் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்தான் உயிர். அது இல்லாவிட்டால் நாற்பத்தொன்பது கட்டமும் கொசு மொய்த்த சுவர் மாதிரிதான்.

ஓரத்தில் எண்களும் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. சூளைச் சூடு ஆயிரத்துக்கு மேல் போகும், மண்ணின் ஈரம் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. பெயர் மாறியிருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மேனேஜருக்கு அந்த எண்களைக் கண்டால் ஆகாது. “எல்லாத்தையும் நூத்துக்கு மார்க்கா போட்டுக் குடும்மா, எனக்கு அதுதான் புரியும்” என்று பல வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சூடும் நூற்றுக்கு இத்தனை, ஈரமும் நூற்றுக்கு இத்தனை. அவருக்கு மார்க்கு சார் என்று பெயர். வீட்டில் மனைவி வைக்கும் குழம்புக்கும் மார்க் போடுவார் என்று பேச்சு. அந்த அம்மா அவருக்கு எத்தனை போட்டிருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

ஒருத்தி தாள் போட்டால் இன்னொருத்தி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருத்தி கண்ணாடி. தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். புள்ளியக்கா சேர்ந்த அதே மாதம் சேர்ந்தவள். ஒரே மேஜை, ஒரே மின்விசிறி, சாப்பாட்டு டப்பாவில் பாதிக்குப் பாதி. புள்ளியக்காவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்து மூன்று நாளும் இவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் அவள்தான். சரிபார்க்க அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு சுருக்குவழி உண்டு. நடுக்கட்டத்தில் விரலை வைப்பார்கள். அது பிரஸ் அழுத்தம். கம்பெனியில் பழைய பிரஸ் ஒன்று, புது பிரஸ் ஒன்று. அதனால் அந்தக் கட்டத்தில் மட்டும் ஒட்டகத்து முதுகு மாதிரி இரண்டு மேடு தெரியும். இரண்டு மேடு நடுவில் இருந்தால் தாள் சரி. பதினாறு வருடத்தில் அந்த வழி ஒரு நாளும் காலை வாரிவிடவில்லை.

கண்ணாடியின் புருஷன் சூளைக்குப் போர்மேன். பிரஸ்ஸுக்குப் போர்மேன் புள்ளியக்காவின் சொந்த அண்ணன். இதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அந்த வருடம் இரண்டு சங்கதி ஒன்றாக வந்தன. ஏழு இடத்திலும் அளவு பார்க்கும் கருவி மாட்டி, ஒயர் இழுத்து, எண்கள் தாமாகவே, மார்க்கு சார் கேட்ட அதே நூற்றுக்கு மார்க்காக, கம்ப்யூட்டரில் வந்து விழும்படி செய்தார்கள். இனி ஒவ்வொரு பட்டறையாகப் போய் நோட்டைப் பார்த்துத் தட்ட வேண்டாம். புள்ளியக்கா செய்ய வேண்டியது, வந்து விழும் ஏழு பத்திக்கும் தன்னிடமிருந்த பழைய பெயர்ப் பட்டியலை மேலே ஒட்டுவது மட்டும். அதே மாதத்தில் விரிசல் தாறுமாறாகக் கூடியது. போன சரக்கு லாரியோடு திரும்பி வந்தது. யார் பட்டறையில் கோளாறு என்று மேலிடத்தில் கேள்வி. மார்க்கு சார் பெரிய தாளோடு கூட்டத்துக்கு வரச் சொன்னார்.

தாள் வந்தது. விரிசல் வரிசையில் மற்ற கட்டங்களெல்லாம் சிதறிக் கிடக்க, ஒன்றே ஒன்று மட்டும் கோடு கிழித்த மாதிரி சரிந்து இறங்கியது. பிரஸ் அழுத்தம் குறையும் நாளெல்லாம் விரிசல் கூடுகிறது. அது புள்ளியக்காவின் அண்ணன் பட்டறை. படிக்க வைத்ததும் அவர், இங்கே வேலைக்குச் சொல்லிவிட்டதும் அவர். கண்ணாடியிடம் தாளை நீட்டினாள். கண்ணாடி வெகுநேரம் பார்த்தாள். நடுக்கட்டத்தில் விரலை வைத்தாள். இரண்டு மேடு இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

கூட்டத்தில் புள்ளியக்கா எதையும் பூசி மெழுகவில்லை. எழுந்து நின்று அந்தக் கட்டத்தைக் காட்டினாள். சூளைக்காரர் எழுந்து, “மண்ணு ஈரமோ காய்ஞ்சதோ, எங்க பக்கம் ஒரு குறையும் கெடையாது சார், தாளே சொல்லுதே” என்றார். மார்க்கு சார் எல்லோரும் கேட்கும்படி, “கூடப்பொறந்தவர்னு பாக்காம உண்மையச் சொன்னாங்க பாருங்க, இதுக்குப் பேருதான் நேர்மை, நூத்துக்கு நூறு” என்றார். அந்த நூறு அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. இனிக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய்.

அண்ணன் வெளியே படிக்கட்டில் நின்றிருந்தார். “நீ போட்டதா அது?” என்றார்.

“ஆமாண்ணே.”

“மண்ணு ஈரமா வந்தா நான் அழுத்தத்தக் கொஞ்சம் இளக்குவேன், இருபது வருஷமா செய்யறதுதான். அதுல விரிசல் வராது, வராம இருக்கத்தான் அப்படிச் செய்யறது. இன்னொரு தடவ பாரேன்.”

“புள்ளி பொய் சொல்லாதுண்ணே,” என்றாள் அவள். நல்ல பிள்ளை மாதிரி சொன்னாள்.

அண்ணனைப் போர்மேன் வேலையிலிருந்து இறக்கி லாரி ஷெட்டில் பெட்டி ஏற்றப் போட்டார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு அதையே நிரந்தரமாக்குவதாக உத்தரவு. ஐம்பத்தொரு வயதில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு பெட்டி தூக்கினார். அண்ணி பேச்சை நிறுத்திவிட்டாள். போன் செய்தால் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், இவளே வைக்கட்டும் என்று பிடித்துக்கொண்டிருப்பாள். புள்ளியக்கா மேஜையில் தலை கவிழ்ந்து அழும்போதெல்லாம் கண்ணாடிதான் முதுகைத் தடவிக் கொடுத்தாள். “நீ நியாயமாத்தான் நடந்துக்கிட்ட, விடு,” என்பாள். பாதி டப்பாவைத் தள்ளி வைப்பாள்.

இரண்டு மாதம் போயிற்று. புதிதாக வந்த பிரஸ் போர்மேன் ஈரம் பார்க்காமல், காய்ச்சல் பார்க்காமல் அழுத்தத்தை ஏற்றியே வைத்திருந்தான். மூன்றாவது தாளைப் புள்ளியக்கா போட்டாள். விரிசல் மார்க் நன்றாக இறங்கியிருந்தது. மார்க்கு சார் சிரித்த முகமாகத் தலையாட்டினார். எடுத்த நடவடிக்கை பலித்துவிட்டதாம்.

அன்று மத்தியானம் அவள் வாசல் சோதனைப் பக்கமாக நடந்து போனாள். உடைந்த டைலைக் கொட்டும் மதில் ஓரம் அங்கேதான். போன மாதம் குவியல் அவள் இடுப்பளவு இருந்தது. இப்போது மதிலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சோதனைக்காரர் தள்ளுவண்டியைக் கவிழ்த்துக்கொண்டே, “இந்த மாசம் இடுப்பு ஒடிஞ்சு போச்சு அக்கா, எதைத் தொட்டாலும் விரிசல்” என்றார்.

அவள் அறைக்குத் திரும்பி வந்து தாளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். குவியல் ஏறுகிறது, தாளில் விரிசல் இறங்குகிறது. அது கிடக்கட்டும், ஈரம் ஏன் ஏறியிருக்கிறது. ஒன்றரை மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. களிமண் கொட்டகையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வெடித்த மண்ணுக்கு எங்கிருந்து வந்தது ஈரம்.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குப் போனாள். ஒரு வாளித் தண்ணீர் மொண்டு வந்தாள். ஈரம் பார்க்கும் கருவியின் முனையை மண்ணிலிருந்து பிடுங்கித் தண்ணீரில் முக்கி, பத்து நிமிடம் அங்கேயே குந்தியிருந்தாள். கொட்டகைக்காரர், “அதுக்குக் காய்ச்சலா அக்கா?” என்று கேட்டார். “ஆமா, குளிப்பாட்டறேன்,” என்றாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் அன்றைய எண்களைப் பார்த்தாள். ஈரம் அசையவே இல்லை. விரிசல்தான் நூற்றுக்கு நூறு காட்டியது.

அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. அவளுடைய பெயர்ப் பட்டியல் களிமண்ணில் தொடங்கி வாசலில் முடிகிறது. எண்களோ வாசலில் தொடங்கிக் களிமண்ணில் முடிகின்றன. ஒயர் இழுத்தவன் எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தானோ அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறது மெஷின். முதல் பெயர் கடைசிக்கும், கடைசிப் பெயர் முதலுக்கும் போய் ஒட்டிக்கொண்டது. ஈரம் என்று இருந்தது விரிசல், விரிசல் என்று இருந்தது ஈரம். ஊறிய நேரம் என்று இருந்தது சூளைச் சூடு. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நாலாவதாக வருவது ஒன்றே ஒன்றுதான், பிரஸ் அழுத்தம். அதன் பெயர் மட்டும் இடம் மாறவில்லை. இரண்டு மேடும் சமர்த்தாக நடுவில் உட்கார்ந்திருந்தன.

பெயரைத் திருப்பி ஒட்டிவிட்டு முதல் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அண்ணனைக் குற்றவாளி ஆக்கிய கட்டம், உண்மையில் ஈரத்துக்கு எதிரே அழுத்தம். மண் ஈரமாக வந்த நாளெல்லாம் அண்ணன் அழுத்தத்தை இளக்கியிருக்கிறார், ஒரு நாள் தவறாமல். அவர் வாயால் சொன்னதைத்தான் புள்ளிகளும் சொல்லியிருக்கின்றன. ஊறிய நேரம் கூடினால் ஈரமும் கூடும், இது தெரியாதா என்று எல்லோரும் தள்ளிவிட்டுப் போன கட்டம் ஒன்று இருந்தது. அதுதான் சூளைச் சூட்டுக்கு எதிரே விரிசல். சூடு ஏற ஏற விரிசல் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. நிஜமான ஊறிய நேரமோ அந்த மாதம் தினமும் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் சூளைச் சூடு என்ற பெயரில் அது எதையும் காட்டாமல் சிதறிக் கிடந்திருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். அடுத்தது, கண்ணாடியிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரம். எது நடந்தாலும் முதலில் அவளிடம் சொல்லித்தான் பழக்கம்.

கண்ணாடி டப்பாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். புள்ளியக்கா நின்றபடியே, “தாள்ல பெயரெல்லாம் மாறிப் போச்சு. நாம போட்ட மூணு தாளும் தப்பு,” என்றாள்.

கண்ணாடி நிமிரவில்லை. “அது வாசல்லேருந்துல்ல எண்ணுது,” என்றாள். சொன்ன பிறகுதான் கை நின்றது.

“நான் வாசல்னு சொல்லவே இல்லையே,” என்றாள் புள்ளியக்கா.

கண்ணாடி டப்பாவை மூடினாள்.

“மாட்ட வந்தவன் சொன்னான். நீ அன்னைக்குப் பல் டாக்டர்கிட்ட போயிருந்த. உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், மறந்துட்டேன். அது சத்தியமா மறதிதான்.”

“அப்புறம் எப்ப ஞாபகம் வந்துச்சு?”

“நீ தாளைக் கையில குடுத்தப்ப.”

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

கண்ணாடி முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். “முன்னாடி.”

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று எத்தனையோ பேர் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அது இப்படி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், குரலை உயர்த்தாமல் நடக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கையெழுத்தைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் முதுகைத் தடவிக் கொடுத்தாளே, அந்தக் கையை என்ன செய்வது. நியாயமாத்தான் நடந்துக்கிட்ட என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தே சொல்லியிருக்கிறாள். தெரிந்தே பாதி டப்பாவைத் தள்ளி வைத்திருக்கிறாள்.

“லோடு லோடுன்னு மேலேருந்து அரிச்சாங்க. சீக்கிரம் வேகட்டும்னு அவரு சூட்டைக் கூட்டி வச்சிட்டாரு. எனக்குத் தெரியும்,” என்றாள் கண்ணாடி. “தாளை நேராக்கியிருந்தா அன்னைக்கே அவரை வெளிய அனுப்பியிருப்பாங்க.”

“அதுக்கு எங்க அண்ணனா?”

“உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

“எப்படி ஆகாது? கட்டம்தான் பளிச்சுனு தெரியுதே.”

“தெரிஞ்சா என்ன? நீ காட்ட மாட்டேன்னு நினைச்சேன்.” கண்ணாடி இல்லாத அவள் கண்கள் சின்னதாக, யாருடையவோ மாதிரி இருந்தன. “ஏதாவது சப்பைக்கட்டு கட்டி அந்தக் கட்டத்த விட்டுருவேன்னு நினைச்சேன். கூடப்பொறந்தவரு. எவ எழுந்து நின்னு காட்டுவா?”

புள்ளியக்கா தாளைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

மார்க்கு சார் திருத்திய தாளை மேஜையில் விரித்துப் பார்த்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை விளக்கச் சொன்னார். வாளித் தண்ணீர்க் கதையை மட்டும் நாலு தடவை கேட்டார். பிறகு பழைய தாளை எடுத்து அடியில் இருந்த இரண்டு கையெழுத்தையும் பார்த்தார்.

“இவங்க சரி பாக்கலையா?”

“பாத்தாங்க சார். பாத்துட்டுத்தான் போட்டாங்க.”

அவர் வேறு ஒன்றும் கேட்காமல், அண்ணனை மறுபடி பிரஸ்ஸுக்கே போர்மேனாகப் போடும் உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அன்றைக்கு அவர் யாருக்கும் மார்க் போடவில்லை.

உத்தரவை எடுத்துக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாக லாரி ஷெட்டுக்குப் போனாள். அண்ணன் அடுக்கி வைத்த பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெல்ட்டைத் தளர்த்தி விட்டிருந்தார். அவள் நீட்டிய காகிதத்தை வாங்கி, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மெதுவாகப் படித்தார். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சந்தோஷம் வந்த மாதிரியும் இல்லை, வராத மாதிரியும் இல்லை.

அவள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். ஒயர், வாசல், தலைகீழான பெயர்கள், அவர் அழுத்தத்தை இளக்கியது தாளில் எத்தனை சுத்தமாகத் தெரிகிறது என்பது. கடைசியில் கண்ணாடி ஒத்துக்கொண்டதையும் சொன்னாள்.

“தெரிஞ்சேவா செஞ்சா?” என்றார் அண்ணன்.

“தெரிஞ்சேதாண்ணே. புருஷனக் காப்பாத்த. பதினாறு வருஷம் ஒரே மேஜை, ஒரே சாப்பாடு. எனக்குப் போய் இப்படிச் செஞ்சுட்டாளே. எப்படிண்ணே மனசு வரும்?”

அண்ணன் தண்ணீர் பாட்டிலை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திறந்து மறுபடி மூடினார்.

“அவ புருஷனுக்காகச் செஞ்சிருக்கா,” என்றார். “நீ யாருக்காகம்மா செஞ்ச?”

கோபமாகக் கேட்டிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். “மிச்சம் இருக்கறத ஏத்திட்டு வரேன், நாளைக்குத்தானே அங்க போகணும்,” என்று சொல்லிவிட்டு, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து போனார்.